டபிள்யூ இல்லாத அகராதி

அகராதியை எப்படிப் பார்ப்பது என்று அகராதியே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1604-ல் லண்டனில் அச்சான ஒரு சின்னப் புத்தகத்தின் முன்னுரையில் அதன் ஆசிரியர் ராபர்ட் காட்ரி அதைப் பொறுமையாக விளக்குகிறார். முதலில் எழுத்துகளின் வரிசையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். தேடுகிற சொல் 'ஏ'யில் தொடங்கினால் புத்தகத்தின் ஆரம்பத்திலும், 'வி'யில் தொடங்கினால் கடைசிப் பக்கமாகவும் பார்க்க வேண்டும். 'சி' வரிசைக்குள்ளேயே 'சிஏ' என்று வருவது முன்னாலும் 'சியூ' என்று வருவது பின்னாலும் இருக்கும். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் குரல்தான். ஆசாமி நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

'எ டேபிள் ஆல்ஃபபெட்டிக்கல்' என்பது புத்தகத்தின் பெயர். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். உள்ளே 2,500 சொச்சம் சொற்கள். பொருள் பெரும்பாலும் ஒரே வரி, சிலவற்றுக்கு ஒரே வார்த்தை. 'மேக்னிட்யூட்' என்றால் பெரிதாயிருத்தல், 'அபாஷ்' என்றால் வெட்கப்படு, அவ்வளவுதான். நம் ஊரில் ஜிஆர்ஈ பட்டியலை உருப்போட்டவர்கள் காட்ரியின் முதல் பக்கத்தைப் பார்த்தால் பழைய சிநேகிதர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். அபாஷ், அப்டிகேட், அப்ஜெக்ட், அப்ஜூர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நாலு நூற்றாண்டு கழித்தும் கடினச் சொல் கடினச் சொல்லாகவே இருப்பது ஒரு வகையில் ஆச்சரியம்தான்.

இந்த அகராதியில் எனக்குப் பிடித்த விஷயம் அதில் இல்லாத ஒன்று. 'டபிள்யூ' வரிசையே கிடையாது. எக்ஸும் வொய்யும்கூட இல்லை, ஆனால் அவை எந்த அகராதியிலும் ஏழைகள்தான். டபிள்யூ அப்படியல்ல. தண்ணீர், காற்று, மனைவி, சுவர், கம்பளி, அழுகை, சொல், வேலை, போர், குளிர்காலம் என்று ஆங்கிலேயனின் வீட்டுக்குள்ளும் வாசலிலும் கிடக்கிற சொற்களில் பாதி அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. லத்தீனிலும் கிரேக்கத்திலும் அந்த எழுத்து இல்லை. காட்ரியின் அகராதி கடினச் சொற்களுக்கு மட்டுமானது. வெளியிலிருந்து வந்ததுதான் கடினம், வீட்டில் பிறந்தது எல்லாருக்கும் தெரிந்தது என்பது கணக்கு. எனவே டபிள்யூவுக்கு அகராதியில் வேலை இல்லை.

யாருக்காக இந்தப் புத்தகம் என்பதும் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது: சீமாட்டிகளுக்கும், நல்ல குடும்பத்துப் பெண்களுக்கும், மற்றபடி தேர்ச்சியில்லாத எவருக்கும். வேதாகமத்திலும் பிரசங்கத்திலும் காதில் விழுகிற கடின ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பது நோக்கம். ஐந்து சீமாட்டிகளின் பெயரைப் போட்டுத்தான் சமர்ப்பணமும். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண்கள் மந்தமானவர்கள் என்று அர்த்தமில்லை. லத்தீன் சொல்லிக்கொடுத்த இலக்கணப் பள்ளிகளில் அவர்களுக்கு இடமில்லை. மேலே உட்கார்ந்து பேசுகிறவன் லத்தீன் படித்துவிட்டு வருகிறான், கீழே உட்கார்ந்து கேட்கிறவள் படிக்கவில்லை, பேச்சு மட்டும் ஆங்கிலம் என்ற பெயரில் நடக்கிறது. தன் தாய்மொழியிலேயே ஒருத்திக்குத் துபாஷி தேவைப்பட்ட இடம் அது.

எப்படி வந்தது இந்த நிலைமை? கேக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். அடுத்த நூறு வருஷத்தில் மொழிபெயர்ப்புகள் குவிந்தன. மருத்துவம், சட்டம், போர்க்கலை, இறையியல் என்று அதுவரை லத்தீனில் மட்டும் இருந்தவற்றை ஆங்கிலத்தில் எழுத முயன்றபோது கைவசம் சொல் போதவில்லை. போதாத இடத்தில் லத்தீன் வேரை எடுத்து ஆங்கில வாலை ஒட்டினார்கள். தேவைக்குச் செய்தவர்கள் ஒரு பக்கம், தோரணைக்குச் செய்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டம் பெருத்தபோது அதற்கு ஒரு வசைப்பெயரும் கிடைத்தது. அந்தக் காலத்து எழுத்தர்கள் மையை மாட்டுக்கொம்பில் ஊற்றி வைத்திருப்பார்கள். வாயால் பேசாமல் மைக்கொம்பிலிருந்து பிறக்கிற சொற்கள் என்பதால் 'இங்க்ஹார்ன்' சொற்கள். மைக்கொம்புச் சொற்கள் என்றே தமிழில் சொல்லிவிடலாம்.

இந்தக் கூட்டத்தை முதலில் சிரிக்கச் சிரிக்கப் போட்டு வாங்கியவர் தாமஸ் வில்சன். 1553-ல் வந்த அவருடைய அணியிலக்கண நூலில் ஒரு கேலிக் கடிதம் வருகிறது. லிங்கன்ஷயர்க்காரர் ஒருவர், காலியாகியிருக்கும் ஒரு தேவாலயப் பதவிக்குச் சிபாரிசு கேட்டுப் பெரிய மனிதர் ஒருவருக்கு எழுதுவது. ஒரு வாக்கியத்தில் பத்து லத்தீன். வில்சனுக்கு அது உளறலாகப் பட்டிருக்கிறது, அவருடைய வாசகர்களுக்கும் அப்படித்தான். ஆனால் இன்று அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் எங்கே சிரிக்க வேண்டும் என்றே பாதி இடத்தில் தெரியாது. அஃபபிலிட்டி, கெபாசிட்டி, மண்டேன், செலிப்ரேட், எக்ஸ்டால், டெக்ஸ்டெரிட்டி எல்லாம் அதில் கேலிக்கு வைத்த சொற்கள். இன்று வங்கி மேனேஜர் எழுதுகிற கடிதத்தில்கூட வருகின்றன. கூடவே நின்ற இன்ஜென்ட், ஆப்டெஸ்டேட், ஸ்ப்ளெண்டிடியஸ் மூன்றும் செத்துப்போய்விட்டன. எது பிழைக்கும், எது சாகும் என்பது வில்சன் மாதிரி கூர்மையான ஆளுக்கே தெரிந்திருக்கவில்லை. (இதே புத்தகத்துக்காக ரோமில் அவரை மதவிசாரணையில் சிறைவைத்தார்கள், போப் செத்தபோது ஊர்மக்கள் சிறையை உடைக்க, தப்பி வந்தார். 1560 பதிப்பின் முன்னுரையில் அவரே அதைச் சொல்கிறார். அணியிலக்கணம் எழுதி ஜெயிலுக்குப் போனவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.)

எனக்கு அந்தக் கடிதத்தில் சிரிப்பைவிட அதன் வேலை முக்கியமாகப் படுகிறது. அது வேலை கேட்கிற கடிதம். என் பெரியப்பா தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், பழைய டைப்ரைட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு மனு அடித்துக்கொடுத்தவர். பட்டா மாற்றல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு எதுவானாலும் மனு ஆங்கிலத்தில்தான். 'பெனிக்னன்ட்', 'இண்டல்ஜென்ஸ்', 'மேக்னானிமஸ்' மூன்றும் அவர் மனு ஒவ்வொன்றிலும் இருக்கும். கடின வார்த்தைக்குத் தனிக் கூலி கிடையாது. ஆனா கடின வார்த்தை இல்லாத மனுவுக்குக் காசு கொடுக்க ஜனங்க தயங்குவாங்க. படித்துக்காட்டச் சொல்வார்கள். ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் சத்தம் கனமாக இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி வரும். "இது போதும் சார், தாசில்தார் அசந்துருவாரு" என்பார்கள். அந்தச் சொற்கள் எதையும் தெரிவிக்க வரவில்லை. வெறும் கையோடு பெரிய வீட்டுக்குப் போகக் கூடாது என்று எலுமிச்சம்பழம் எடுத்துப் போகிறோமே, அதுபோலத்தான். வில்சன் அமைச்சர் பதவி வரைக்கும் போனவர். சிபாரிசு கேட்டு எழுதுகிறவனின் கையிலிருந்து அந்தப் பழத்தைத் தட்டிவிட்டுச் சிரிக்க அவரால் முடிந்தது.

இன்னொரு கட்சி, கடன் சொல்லே வேண்டாம் என்றது. அதன் தலைமகன் சர் ஜான் சீக். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர், ஆறாம் எட்வர்டு மன்னருக்குப் பாடம் சொன்னவர். கிரேக்கத்தில் மூழ்கியவர்தான் ஆங்கிலம் கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டே இருந்து திருப்பிக் கட்டாத குடும்பம் திவாலாகும் என்பது 1557-ல் நண்பர் தாமஸ் ஹோபிக்கு அவர் எழுதிய கடிதத்தின் வாதம். அதைச் சொல்ல அவர் பயன்படுத்திய 'ப்யூர்' என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்தது. மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தபோது செய்தும் காட்டினார். நூற்றுக்கு அதிபதிக்கு 'சென்ச்சூரியன்' வேண்டாம், 'ஹண்ட்ரடர்'. சித்தம் கலங்கியவனுக்கு 'லுனாட்டிக்' வேண்டாம், 'மூன்ட்'. உயிர்த்தெழுதலுக்கு 'கெயின்ரைசிங்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அச்சேறியது 1843-ல். அதற்குள் சென்ச்சூரியன் சட்டமாக உட்கார்ந்துவிட்டான்.

வேதாசலம் மறைமலையடிகள் ஆகி 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய கதை நமக்குத் தெரியும். மணிப்பிரவாளத்தின் மேல் அடிகளுக்கு இருந்த கோபமும், மைக்கொம்பு மேல் சீக்குக்கு இருந்த கோபமும் தூரத்து உறவுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சீக் தோற்றார், சுத்தமாக. அடிகள் தோற்கவில்லை. 'அக்ராசனர்' போய்த் 'தலைவர்' வந்ததையும், 'நமஸ்காரம்' இருந்த மேடையில் 'வணக்கம்' வந்ததையும் பார்த்தால் அது தெரியும். சீக்குக்குப் பின்னால் ஒரு கூட்டம் இல்லை, அரசியல் இல்லை. சொல் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது போல.

மூன்றாவதாக ஒரு வைத்தியம் நாடக மேடையில் நடந்தது. 1601-ல் பென் ஜான்சன் எழுதிய 'பொயட்டாஸ்டர்' நாடகத்தில் கிறிஸ்பினஸ் என்றொரு அரைகுறைக் கவிஞன். நிஜத்தில் அது சக நாடகாசிரியர் ஜான் மார்ஸ்டனைக் குத்துவது என்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சபையில் வைத்து ஹோரஸ் அவனுக்குப் பேதி மாத்திரை கொடுக்கிறார். கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சொல்லாக வாந்தி எடுக்கிறான். ரெட்ரோகிரேட் வந்தது, ரெசிப்ரோக்கல் வந்தது, இன்னும் இருக்கிறது, முட்டிக்கொண்டு நிற்கிறது, வரவில்லை என்று பக்கத்திலிருப்பவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அன்று கிண்ணத்தில் விழுந்தவற்றில் டிஃபங்க்ட், ஸ்ட்ரென்யுவஸ், ஸ்ப்யூரியஸ், க்ளம்ஸி, கான்ஷியஸ் உண்டு. வயிற்றைக் குமட்டுகிற வேற்றுச் சொல்லாக 'கான்ஷியஸ்' இருந்தது என்பதை இன்று நினைத்துப் பார்க்கவே சிரமமாக இருக்கிறது. இனி அந்த நாடகத்தை ஆங்கிலத்தில் போடுகிறவர்கள் எந்தச் சொல்லுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்?

இந்த மூன்று கட்சிக்கும் வெளியே நின்றவர் காட்ரி. ரட்லண்டில் ஓகம் என்ற ஊரில் 1560-களில் பள்ளி ஆசிரியர். பிறகு 1571-லிருந்து சவுத் லஃபென்ஹம் கிராமத்தின் பாதிரியார். சீர்திருத்தக் கருத்துக்காரர். அரசு வகுத்த ஜெபப் புத்தகத்துக்கு எதிராகப் பிரசங்கத்தில் பேசினார் என்று அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சும்மா போகவில்லை. வழக்குப் போட்டார், 1591-ல் தோற்றார். மதவிஷயத்தில் அரசியின் அதிகாரம் எவ்வளவு என்பதைச் சொன்ன அந்தத் தீர்ப்பு 'காட்ரியின் வழக்கு' என்ற பெயரில் ஆங்கிலச் சட்டப் புத்தகங்களில் நெடுங்காலம் மேற்கோளானது. சட்டம் படித்தவர்களுக்கு அவர் தோற்ற கட்சிக்காரர், அகராதி பார்க்கிறவர்களுக்கு முன்னோடி. இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதவியும் வருமானமும் போன ஒரு பாதிரியார், வயதான காலத்தில், லண்டனில் வாத்தியாராக இருந்த மகன் தாமஸின் உதவியோடு இந்த அகராதியை முடிக்கிறார். புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல அதிகமில்லை. எட்மண்ட் கூட் என்ற பள்ளி ஆசிரியர் 1596-ல் போட்ட பாடப்புத்தகத்தின் சொற்பட்டியலையும் தாமஸ் தாமஸ் என்பவரின் லத்தீன் அகராதியையும் தாராளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. முன்னுரையில் அவர் செய்ததுதான் வேடிக்கை. வில்சன் 1553-ல் மைக்கொம்புக்காரர்களைத் திட்டிய பத்தியை அப்படியே எடுத்துத் தன் முன்னுரையில் வைத்துக்கொண்டார். கடினச் சொல் பேசுகிறவர்களைத் திட்டும் பத்தி, கடினச் சொல் அகராதிக்கு வாசற்கோலம்!

அந்தப் பத்தியின் சாரம் இது: சிலர் தூரதேசத்து ஆங்கிலத்தைத் தேடித்தேடிப் பேசித் தாய்மொழியையே மறந்துவிடுகிறார்கள், அவர்களின் அம்மா இன்று உயிரோடிருந்தால் பிள்ளை என்ன பேசுகிறான் என்று அவளுக்குப் புரியாது. வில்சன் எழுதும்போது இது குத்தல். காட்ரியின் புத்தகத்தில் அதே வரி வேறு மாதிரி கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் அந்த அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுக்கிறார். பிள்ளையைத் திருத்த முடியாது, அவன் அப்படித்தான் பேசுவான். நீ இதை வச்சுக்கோ, அவன் 'அப்ஜூர்' என்றால் மறுப்பது, 'அப்டிகேட்' என்றால் விட்டுவிடுவது. எங்கள் வீட்டில் நானும் தம்பியும் போனில் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும், "என்னைப் பத்தி ஒண்ணும் இல்லியேப்பா?" என்று அம்மா கேட்பது வழக்கம். அவள் கையில் காட்ரி இல்லை.

அந்த முதல் பதிப்பில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1617-க்குள் நாலு பதிப்பு கண்ட புத்தகம் அது. விற்காமல் அழியவில்லை, கைபட்டுக் கைபட்டுத்தான் அழிந்திருக்க வேண்டும்.

காட்ரி கேட்கிறவருக்காக எழுதினார். அடுத்து வந்தவர் பேச ஆசைப்படுகிறவருக்காக எழுதினார். 1623, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மொத்தமாக அச்சான அதே வருஷம், ஹென்றி காக்கரம் ஓர் அகராதி போட்டார். பெயரிலேயே 'இங்கிலீஷ் டிக்‌ஷனரி' என்று வைத்துக்கொண்ட முதல் புத்தகம். இதில் இரண்டாம் பாகம் ஒன்று சேர்த்தார். அது தலைகீழ். சாதாரணச் சொல்லைத் தேடினால் அதற்குப் பட்டும் சரிகையும் போட்ட சொல் கிடைக்கும். மளிகைக்கடைக்காரரும் குமாஸ்தாவும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். என் பெரியப்பாவுக்குக் கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

காக்கரத்தின் அகராதியைப் புரட்டுவது ஒரு தனி ஆனந்தம். 'பேரன்டேட்' என்றால் பெற்றோருக்கு ஈமக்கடன் செய்வது. 'அப்கிரிகேட்' என்றால் மந்தையிலிருந்து பிரித்து ஓட்டிப்போவது. 'காமோட்ரிக்ஸ்' என்றால் எஜமானிக்கு உடை அணிவித்தும் களைந்தும் விடுகிற பணிப்பெண். லத்தீன் அகராதிகளைத் துழாவி, வால் ஒட்டி, வரிசையில் வைத்த சொற்கள். ஆங்கிலத்தில் ஒருவரும் இவற்றைப் பேசியதில்லை. திதி கொடுப்பதற்கு ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் இருந்தது, நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று நான் இதை ஒரு சாஸ்திரிகளிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "நம்மகிட்ட இருக்கறப்ப அது எதுக்கு?" என்றார்.

பேசுவதற்கென்றே பிறக்காமல் பட்டியலில் வாழ்கிற சொற்களுக்குப் பெரியண்ணன் ஒன்று உண்டு: ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன். எதையாவது ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுவதுதான் பொருள். ஈட்டன் பள்ளியின் லத்தீன் இலக்கணத்தில் 'துளி மதிப்பும் இல்லை' என்று சொல்லப் பயன்படும் ஃப்ளோக்கி, நௌக்கி, நிஹிலி, பிலி என்ற சொற்கள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. பையன்கள் அவற்றை ஒட்டவைத்து ரயில் விட்டார்கள். 1741-ல் வில்லியம் ஷென்ஸ்டன் என்ற கவிஞரின் கடிதத்தில் முதலில் பதிவாகியிருக்கிறது. 2018 அக்டோபரில் சசி தரூர் தன் புதுப் புத்தகத்தை அறிவிக்க இதை எடுத்து வீச, ஒரே நாளில் இந்தியா முழுவதும் அகராதி தேடியது. அதற்கு முந்தின வருஷம் அவர் 'ஃபராகோ' என்றபோதும் இதுதான் நடந்தது. கிண்டல் செய்தவர்களும் ரகசியமாகப் பொருள் பார்த்துக்கொண்டார்கள். நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949-ல் வந்தது. இன்றும் நம் ஊர் நடைபாதைப் புத்தகக் கடைகளில் அது விற்றுக்கொண்டிருப்பதற்கும், காக்கரத்தின் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக விற்றதற்கும் காரணம் ஒன்றே. பெரிய சொல் ஏணி மாதிரி. ஏறுகிறவனுக்குத்தான் அது தேவைப்படும். மேலேயே பிறந்தவன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

பிறகு வந்த அகராதிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். 1656-ல் தாமஸ் ப்ளவுண்ட் என்ற வக்கீல் ஓர் அகராதி போட்டார். கத்தோலிக்கர். லண்டன் கடைகளிலேயே புரியாத சொற்கள் வந்துவிட்டன என்பது அவர் முறையீடு. சமையல்காரன், மதுக்கடைக்காரன், தையல்காரன் எல்லாரும் ஆளுக்கொரு பாஷை பேசுகிறார்கள் என்றார். காபியும் சாக்லேட்டும் அந்தப் பட்டியலில் இருந்த புதுச் சொற்கள். இரண்டே வருஷத்தில் எட்வர்டு ஃபிலிப்ஸ், கவிஞர் மில்டனின் சகோதரி மகன், அதைப் பிழைகளோடு சேர்த்து நகலெடுத்துத் தன் பெயரில் போட்டார். ப்ளவுண்ட் 1673-ல் அந்தப் பிழைகளைத் தொகுத்தே ஒரு புத்தகம் வெளியிட்டு மனதை ஆற்றிக்கொண்டார். 1702-ல் ஜான் கெர்சியின் பெயரால் அறியப்படும் அகராதியில்தான் சாதாரணச் சொற்களுக்கும் இடம் கிடைத்தது. டபிள்யூவில் தொடங்கும் வீட்டுச் சொற்கள் முழு உரிமையோடு உள்ளே வந்தன. 1721-ல் நேதன் பெய்லி 40,000 சொற்களோடு வந்தார். நாய், குதிரை போன்றவற்றைச் சேர்த்தாகிவிட்டது, ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாரும் அறிந்த பிராணி என்று போட்டுவிட்டு நகர்ந்தார். 1755-ல் சாமுவேல் ஜான்சன். அவரைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும்: 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லுக்கு அவர் எழுதிய விளக்கத்தில் 'ரெட்டிகுலேட்டட்', 'டெகஸ்ஸேட்டட்' என்ற இரண்டு மைக்கொம்புச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. பணமில்லாமல் ஆக்ஸ்ஃபோர்டைப் பாதியில் விட்டவர் அவர்.

கெர்சியையும் பெய்லியையும் பக்கம் பக்கமாகப் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தாமஸ் சாட்டர்ட்டன், 1752 நவம்பரில் பிரிஸ்டலில் பிறந்தவன். பள்ளி ஆசிரியரான அப்பா, பையன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மா தையல் வேலை செய்து வளர்த்தாள். தர்மப் பள்ளிக்கூடத்தில் படிப்பு. பிறகு ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் வேலை. பக்கத்தில் செயின்ட் மேரி ரெட்கிளிஃப் தேவாலயம். அதன் மேலறையில் பழைய பெட்டிகளில் கிடந்த தோல் ஏடுகள் வீட்டுக்கு வந்திருந்தன. அந்த ஏடுகளோடு வளர்ந்த பையன், பதினைந்தாம் நூற்றாண்டில் தாமஸ் ரௌலி என்று ஒரு துறவிக் கவிஞர் இருந்ததாகக் கற்பனை செய்து, அவர் எழுதியவை என்று கவிதைகளை எழுதத் தொடங்கினான். பழைய தோலில், பழைய எழுத்தில்.

பழைய கவிதைக்குப் பழைய சொல் வேண்டுமே? அவனுக்கு லத்தீன் கிடையாது, மத்தியகால ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. கெர்சியும் பெய்லியும் அகராதியில் வழக்கொழிந்த சொற்களுக்கு 'பழசு' என்று குறி போட்டு வைத்திருந்தார்கள். பையன் அவற்றைப் பொறுக்கினான். பொறுக்கித் தலைகீழாகத் தனக்கென்று ஒரு பட்டியல் தயாரித்தான். இந்தப் பக்கம் இன்றைய சொல், அந்தப் பக்கம் அதன் பழைய சொல். காக்கரத்தின் இரண்டாம் பாகம் மாதிரியேதான். முதலில் சாதாரண ஆங்கிலத்தில் கவிதையை நினைத்து, பிறகு பட்டியலைப் பார்த்துச் சொல்லை மாற்றினான். அவனுக்குப் பதினைந்து, பதினாறு வயது.

1769-ல் ஹோரஸ் வால்போலுக்கு அனுப்பினான். முன்னாள் பிரதமரின் மகன், பழம்பொருள் பித்தர், எழுத்தாளர். முதல் கடிதத்துக்கு மரியாதையாகப் பதில் வந்தது. பையன் தன் நிலைமையைச் சொன்னான்: விதவையின் மகன், வக்கீல் ஆபீஸ் எடுபிடி, வேறு வேலை கிடைத்தால் தேவலை. அதற்குள் வால்போலின் நண்பர்கள் இது போலி என்று சொல்லிவிட்டார்கள். தொழிலைக் கவனி, வசதி வந்த பிறகு கவிதை எழுதலாம் என்கிற ரீதியில் புத்திமதி வந்தது. வால்போல் தானே ஐந்து வருஷம் முன்னால் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலைப் பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லி வெளியிட்டவர். அவருக்கு அது விளையாட்டு.

1770 ஏப்ரலில் சாட்டர்ட்டன் லண்டனுக்குப் போனான். பத்திரிகைகளில் எழுதினான், காசு சரியாக வரவில்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சின்னச் சின்னப் பரிசுகள் அனுப்பி, எல்லாம் நன்றாகப் போகிறது என்று கடிதம் எழுதினான். ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஹோல்போர்ன் பகுதியில் ஒரு மாடி அறையில் ஆர்சனிக்கால் இறந்து கிடந்தான். பதினெட்டு முடிய மூன்று மாதம் இருந்தது.

ரௌலி உண்மையா பொய்யா என்று அறிஞர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். 1871-ல் வால்டர் ஸ்கீட் கவிதைகளைச் சொல் சொல்லாக எடுத்து அகராதிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். பையனைக் காட்டிக்கொடுத்தவை அவன் செய்த தவறுகள் அல்ல, அகராதிக்காரர்கள் செய்த தவறுகள். கெர்சி எங்கெல்லாம் தப்பாக அச்சிட்டிருந்தாரோ, அங்கெல்லாம் பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவியும் அதே தப்பைச் செய்திருந்தார். மத்தியகால ஆங்கிலத்தில் 'செரிஸான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. கெர்சியின் அகராதியில் கடைசி இரண்டு எழுத்து சிதைந்து 'செரிஸானே' என்று அச்சாகிவிட்டது. அப்படி ஒரு சொல்லை யாரும் எந்தக் காலத்திலும் பேசியதில்லை. சாட்டர்ட்டன் தன் 'ஏல்லா' நாடகத்தின் அறிமுகக் கவிதையை அந்தச் சொல்லை வைத்துத்தான் ஆரம்பிக்கிறான். கெர்சி அதற்குக் கொடுத்திருந்த பொருள், ஆறுதல்.